திறப்பு யார் கையில்?

திறந்த மூல மென்பொருளுக்காக வாதாடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்வது, அது இலவசம் என்பதைத்தான். காங்கேசன்துறைப் பக்கம் அந்த வாதம் எடுபடாது. கணினி வாங்கினால் வேண்டிய மென்பொருள் எல்லாவற்றையும் கடையிலேயே ‘போட்டு’ வாங்கிக்கொள்வது நமக்குப் பழகிப்போன சங்கதி. அதில் எது காசு கட்டி எடுத்தது என்று கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. ஏற்கெனவே விலை பூச்சியமாக இருக்கும் இடத்தில் இன்னொரு பூச்சியத்தைக் காட்டி யாரை மாற்றுவது? திட்ட மேலாண்மைக்கும் கையெழுத்துக் குறிப்புக்கும் இந்த மென்பொருள்கள்தான் வேண்டும் என்று சொல்ல வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணம் காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கில் நிறையவே இருக்கிறது. இன்று எழுதி வைப்பதை இருபத்தைந்து வருடம் கழித்து, எழுதியவரும் இல்லை, மென்பொருளை விற்ற நிறுவனமும் இல்லை என்ற நிலையில், யாராவது திறந்து வாசிக்க முடியுமா?

1990 ஜூனில் போரால் ஊரே வெளிக்கிட்டது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, யாழ்தேவி ரயில் நின்றது, வீடு வளவெல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. ரயில் திரும்பி வர 2015 ஜனவரி ஆனது, நாகப்பட்டினத்துக் கப்பல் வர 2023 ஒக்டோபர். காணி மட்டும் துண்டு துண்டாகத்தான் விடுபட்டது. இதெல்லாம் தெரிந்த கதை. கடதாசியின் கதையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இடம்பெயர்ந்தோர் காணி ஆவணங்களை இழந்தது பற்றி, 2011இல் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் பேசியிருக்கிறது. உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி தேடிப் பார்க்கவாவது வழியுண்டு. சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பிக்கும், கோயில் திருப்பணிக் கணக்குக்கும், கடற்றொழிலாளர் சங்கத்தின் அங்கத்தவர் இடாப்புக்கும் எந்தப் பதிவகத்தில் பிரதி இருக்கிறது? ஒழுங்கையை அகட்ட யார் எத்தனை அடி விட்டுத்தர ஒத்துக்கொண்டார், பொதுக்கிணற்றை இறைத்த செலவை யார் ஏற்றார் என்பது உறுதியில் வராது. அது கொப்பியில்தான் வரும், கொப்பியோடுதான் போகும்.

திரும்பி வந்த ஊரில் நடப்பதெல்லாம் திட்ட வேலைதான், யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை என்பது வேறு. இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாயும் ஒரே தரத்தில் கைக்கு வரவில்லை. வேலை படிப்படியாக முடிய முடியத் தவணையாகத்தான் வந்தது. பாடசாலை மதிலும் கோயில் மண்டபமும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் காசில் இன்று அதே மாதிரித்தான் எழும்புகின்றன. “காசு அனுப்பி ஆறு மாதம், மதில் எங்கே?” என்று அங்கிருந்து கேட்டால், வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு ஒன்று பதிலாகப் போகும். செயலாளரின் போன் பழுதானால் கணக்கும் போச்சு.

இந்தக் குழப்பத்துக்கு இலங்கையிலேயே ஒருமுறை விடை எழுதப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஒரு முகாமில் உதவி குவிய இன்னொரு முகாம் காத்துக் கிடந்த நாட்களில், இங்குள்ள தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களில் எழுதியதுதான் ‘சஹானா’. காணாமற்போனோர், முகாம்கள், உதவும் அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் திறந்த மூல மென்பொருள் அது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்கும் அது போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. மூலநிரல் பூட்டிக் கிடந்திருந்தால் கொழும்பை விட்டு அசைந்திருக்காது. ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ரெட்மைன், ஓப்பன்புரொஜெக்ட் போன்ற திறந்த மூலத் திட்ட மேலாண்மை மென்பொருள்கள்கூடக் கூடிப்போகும். கான்போர்ட் என்ற எளிய திட்டப் பலகைச் செயலி போதும். திரையிலுள்ள பத்திகளுக்கு அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று நாமே பெயர் வைத்து, ஒவ்வொரு பயனாளியின் அட்டையையும் வேலை முன்னேற முன்னேறத் தள்ளிக்கொண்டு போகலாம். தரவுகள் ஒரேயொரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் கிடக்கும். பென்டிரைவில் போட்டு நாலு வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் பலகையை விடக் கொப்பிதான் பெரிய கவலை. கூட்டம் நடக்கும்போது அறிக்கை கையால்தான் எழுதப்படுகிறது. அதைப் பழமை என்று சிரிக்க ஒன்றுமில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது தமிழில் தட்டச்சு செய்து பிடிக்க எல்லோராலும் முடியாது. வேலி எங்கே திரும்புகிறது என்று காட்ட ஒரு கோடு கீறவும் வேண்டும். பேனையோடு கூடிய டப்லெட் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். அதில் எழுதியது எங்கே, என்ன வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸூர்னல்++ என்ற திறந்த மூலச் செயலியில் ‘கா’ என்று எழுதிச் சேமித்துப் பாருங்கள். அந்தக் கோப்பு ஜிசிப்பால் சுருக்கிய எக்ஸ்எம்எல், அவ்வளவுதான். விரித்தால் சாதாரண எழுத்துத் தொகுப்பியிலேயே வாசிக்கலாம்: பேனை, நிறம், கோட்டின் தடிப்பு, பிறகு பேனை போன பாதையின் கிடை, நெடு ஆயங்கள் சோடி சோடியாக. செயலியே உலகத்திலிருந்து மறைந்தாலும் அந்த எண்களை வைத்துக் கோட்டைத் திரும்பக் கீற ஒரு மாணவருக்கு ஒரு பின்னேரம் போதும். மறுபக்கத்தைப் பாருங்கள். பெரிய இயங்குதளம் ஒன்றோடு கூடவே வந்த கையெழுத்துக் குறிப்புச் செயலி, பாதுகாப்புக் காரணத்தால் 2016இல் நீக்கப்பட்டது. அதுவரை அதில் எழுதியவர்கள் சொந்தக் குறிப்பைத் திறக்க வேறு வழி தேடவேண்டியதாயிற்று. ஒல்லாந்தர் காலத் தோம்பு என்ற காணிப் பதிவேட்டை இன்றும் கண்ணால் வாசிக்கலாம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

திறந்த மூலச் செயலியும் செத்துப்போகும்தானே என்று கேட்கலாம். போகும். கான்போர்ட்டுக்கே இப்போது பெரிய புது வசதிகள் சேர்ப்பதில்லை, பெரும்பாலும் பராமரிப்புத்தான். ஆனால் சாவிலும் வித்தியாசம் உண்டு. ஸூர்னல் என்ற மூத்த செயலி தேங்கிப்போனபோது வேறு ஆட்கள் அதைத் திரும்ப எழுதினார்கள், அதுதான் ஸூர்னல்++. பழைய கோப்புகளை அது அப்படியே திறக்கிறது. சந்தாச் செயலிகள் கையெழுத்தை எழுத்தாக மாற்றுவதில் முன்னே நிற்கின்றன என்பதும் உண்மை. டெசராக்ட் என்ற திறந்த மூல எழுத்துணரி அச்சுத் தமிழை ஓரளவு வாசிக்கும், கையெழுத்தில் தடுமாறும். அதற்கு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதியையும் விடயத்தையும் தட்டச்சில் போட்டு வைத்தால் தேடல் நடக்கும். கடதாசியே போதும் என்பவர்களுக்கு உப்புக்காற்றையும் கறையானையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் சொல்லத் தேவையில்லை. ஒரே பிரதியாக இருப்பதுதான் ஆபத்து. கடதாசியா கணினியா என்பது அடுத்த கேள்வி.

இன்னொரு மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது, அதற்குப் பலமும் அதிகம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அசையாச் சொத்து விற்பனையை உள்ளடக்கவில்லை. டப்லெட்டில் கீறிய எல்லை உறுதியாகாது, நொத்தாரிசிடம் கடதாசியோடுதான் போகவேண்டும். சரி. ஆனால் நாம் பேசும் கொப்பி உறுதிக்குப் பதிலாக வருவதல்ல. உறுதி தொலைந்தவன் தன் காணியில் தான் இருந்ததைக் காட்டத் தேடி அலையும் துணைச் சான்றுகளில் அதுவும் ஒன்று.

வேலையைப் புதிதாக எழுதுவதிலிருந்து தொடங்கவும் தேவையில்லை. அலுமாரியில் மிஞ்சியிருக்கும் கொப்பிகளை முதலில் ஸ்கான் செய்து பிடிஎப் ஆக்கலாம். ஸூர்னல்++ பிடிஎப்பின் மேலேயே எழுதவிடும் என்பதால், ‘இந்த வடலி இப்போது இல்லை’, ‘இந்தக் கையொப்பம் இன்னாருடையது’ என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். பிரதி ஒன்று ஊரிலும் ஒன்று கொழும்பிலும் ஒன்று வெளிநாட்டிலும் இருக்கட்டும். பொதுவில் வைக்கக்கூடியதை 2005இலிருந்து இயங்கும் நூலக நிறுவனத்திடம் கொடுக்கலாம்; அவர்களுடைய எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில்தான் இத்தனை வருடமாக ஓடுகிறது. எல்லாப் பக்கத்தையும் கொடுக்க முடியாது. பயனாளிகளின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் உள்ள பக்கங்களுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்தப் பக்கம் வெளியே, எந்தப் பக்கம் உள்ளே என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் சங்கம் தீர்மானமாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.