ஓய்ந்திருக்கும் எஞ்சின்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கல்முனை, சாய்ந்தமருது கடற்கரைகளில் எஞ்சின் பூட்டிய சிறு தோணிகள் பல கரையேறிக் கிடக்கும். கடல் தணிந்து, தோணியை மீண்டும் இறக்கும் நாளில் எஞ்சின் இயங்க மறுக்கும். நான் கண்டவரை பெரும்பாலும் குறை எஞ்சினில் இல்லை. உள்ளே தங்கிய எண்ணெயில்தான்.

தேங்கிய பெற்றோல் மெல்ல ஆவியாக, மிஞ்சும் பிசின் காபரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தாங்கியினுள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும். நீர் பெற்றோலைவிடக் கனமானதால் அடியில் தங்கி, எண்ணெயோடு எஞ்சினுக்குள் போகும்.

ஆகவே வாப்பா முதலில் பழைய எண்ணெயை வடித்தெடுத்துப் புதியதை ஊற்றுவார். அடுத்து, பிளக்கைக் கழற்றி ஈரமும் கரியும் போகத் துடைப்பார். தோணியை இறக்கி எஞ்சினை இயக்கியதும், அதன் பின்புறத் துவாரத்தால் தண்ணீர் பீறிடுகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் இறப்பர் சக்கரம் காய்ந்து வெடித்திருக்கலாம்; வழியை உப்பு அடைத்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும்.

கரையில் மறுக்கும் எஞ்சினால் ஒருநாள் உழைப்புப் போகும். ஆழ்கடலில் நின்றால், நீரோட்டம் தோணியை இழுத்துச் செல்லும். வீட்டில் உம்மாமாரும் பிள்ளைகளும் வாசலைப் பார்த்திருப்பார்கள்.

இதற்கு மருந்து தோணியைக் கரையேற்றும் நாளிலேயே இருக்கிறது. எஞ்சினை நன்னீர்ப் பீப்பாவில் இறக்கி, எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். உப்பும் கழுவப்படும், காபரேட்டரில் எண்ணெயும் வற்றிவிடும்.