முறுக்கினால் உதறும் வண்டி: மேப்பில் கை வைக்கும் முன்

மூன்றாவது கியரில் நெரிசலுக்குள் ஊர்ந்து போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கினால், வண்டி ஒரு உதறு உதறும். பிஎஸ்-6 பைக் வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் புகார் இது. கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்து விடுவார். இப்போது அந்த வேலையை இசியு என்ற சின்னக் கணினி பார்க்கிறது; எப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று அதற்குச் சொல்லும் அட்டவணைதான் மேப். அதனால் ட்யூனிங் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து, "மேப்பை மாத்திடலாம் தம்பி, வெண்ணெய் மாதிரி ஓடும்" என்கிறார். ஓடவும் கூடும். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இசியு காப்பாற்ற முயலும் கலவை இது: ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இந்த விகிதத்தை ஒட்டித்தான் ஒழுங்காக வேலை செய்யும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்லச் சொல்ல, இசியு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விகிதத்தைக் காப்பாற்றுகிறது. வண்டி ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடும், திறந்ததும் மறுபடி ஊற்றும். இந்த விட்டுப்பிடிப்பில்தான் உதறல் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கிக் காட்டுவது பெரும்பாலும் கேபிளும் செயினும்.

வண்டியை நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபடத் தொடங்கும் வரை கைப்பிடி சும்மா சுற்றும் தூரம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அடுத்து செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு தொய்வு இருக்கலாம் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். செயின் தொங்கினால், பெட்ரோல் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொய்வு வெட்டி இழுக்கும். கேபிள் இல்லாத ரைடு-பை-வயர் வண்டிக்கும் செயின் விதி இதேதான். அழுக்கடைந்த த்ராட்டில் பாடி, அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். கேபிளுக்கும் செயினுக்கும் ஆகும் செலவு ரீமேப் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் போக வேண்டிய இடம் கம்பெனி சர்வீஸ் சென்டர். இசியு மென்பொருளுக்குத் திருத்தப்பட்ட பதிப்புகளைத் தயாரிப்பாளர்களே வெளியிடுவது உண்டு, ஆனால் பல சமயம் கேட்டால்தான் போட்டுத் தருவார்கள். ஜாப் கார்டு விஷயத்தில் கறாராக இருங்கள். "ஜெனரல் சர்வீஸ்" என்று எழுதி உங்களை அனுப்பிவிட்டால், நாளைக்கு உங்கள் புகாருக்குச் சாட்சியே இருக்காது. எந்த கியரில், எந்த வேகத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்று சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சூப்பர்வைசர் வெளியே வருவார்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும் புகார் செய்யலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். குறை இருக்கிறதா என்பதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் வெளியில் மேப் மாற்றிய வண்டியை வைத்துக்கொண்டு தயாரிப்புக் குறை என்று வாதாடுவது மிகக் கஷ்டம். வாரண்டியை மறுக்கவும் அதுவே கம்பெனிக்குச் சாக்காகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மேப் என்பது ஆர்சி புத்தகத்தில் எழுதும் விவரமில்லையே என்று சில கடைக்காரர்கள் வாதிடுவார்கள். அந்த வாதம் எடுபடுமோ என்னவோ, புகை அளவு மீறினால் 190(2) பிரிவு தனியாகக் காத்திருக்கிறது: 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. மேப்பைத் தொடாமல், ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பதிலாக இசியுவுக்குப் பொய் சிக்னல் கொடுக்கும் சிறு பெட்டிகள் மீதுதான் எனக்குப் பயம் அதிகம். பெட்ரோல் கூடிப்போனால் எரியாத மிச்சம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கருக்கிவிடும். குறைந்துபோனால் எஞ்சின் தேவைக்கு மேல் சூடாகும்.

பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் கதை வேறு. சாலையில் ஓடும் வண்டிக்கு ஏற்கெனவே மேப் மாற்றியிருந்தால், பழைய மேப்பின் கோப்பைக் கடையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் இழப்பீட்டில் இழுபறி வரும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்கள், "மேப் எப்போதாவது மாற்றப்பட்டதா?" என்ற கேள்விக்கு விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள்.