கொட்டேஷனைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போய், "எழுபதாயிரத்துக்குள்ள ஒரு சிஸ்டம் போடணும், எல்லா வேலைக்கும் ஆகணும்" என்று சொன்னால் சில நிமிடங்களில் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். முதல் வரியில் பிராசசர் இருக்கும், மாடல் எண்ணோடு துல்லியமாக. அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு, அதுவும் துல்லியம். கீழே போகப் போக விவரம் மங்கும். மதர்போர்டுக்கு ஒரு சிப்செட் பெயர் மட்டும். எஸ்எஸ்டிக்கு "1 டிபி" என்று மட்டும். கடைசி வரியில் "கேபினெட், எஸ்எம்பிஎஸ்" என்று எழுதி ஒரு தொகை. எந்தக் கம்பெனி, எத்தனை வாட், எத்தனை வருட வாரண்டி என்று பெரும்பாலும் இருக்காது.

பேரம் பேசி இரண்டாயிரம் குறைக்கச் சொன்னால் அந்தக் குறைப்பு எங்கே நடக்கும்? மேல் வரிகளில் நடக்காது. பிராசசரின் விலையை எல்லோரும் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். பெயரில்லாத கீழ் வரிகளில்தான் கத்தி விழும். நடுத்தர பட்ஜெட்டில், அதாவது மானிட்டர் நீங்கலாக அறுபதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் ரூபாய்க்குள் கணினி கட்டுகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான். அதனால்தான் அந்தத் தாளைக் கீழிருந்து படிக்கச் சொல்கிறேன்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டுக் கணினிகள் இதனால் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. அதே மாதங்களில் ராம் விலை மடங்குக் கணக்கில் ஏறத் தொடங்கியது. உலகத்துக்கான ராம் சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் அவற்றின் உற்பத்தியை அள்ளிக்கொண்டு போகின்றன. வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' பிராண்டை மூடப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. ஆக, பலருக்குப் புதுக் கணினி தேவைப்படும் நேரத்தில் அதே பணத்துக்குக் கிடைப்பது குறைந்திருக்கிறது. எதில் இறுக்கிப் பிடிக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

பகுதிகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ராம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு மூன்றையும் இன்று சுமாராக வாங்கி அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றால் மொத்தக் கணினியையும் பிரிக்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் கெட்டால் தனியாகப் போகாது, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். இந்த இரண்டிலும் இன்றே சரியாகச் செலவு செய்துவிட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்: லேபிளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் கோட்டிலிருந்துதான் எடுக்கின்றன. எனவே பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வாட் எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட் வருகிறது. வெளியே "450 வாட்" என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு உதவப்போவது அந்த 216 மட்டுமே. ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் மொத்தத் திறனில் மிகப்பெரும் பங்கு 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். கேபினெட்டோடு இலவசமாகக் கிடைப்பவற்றை நிராகரிக்க இந்தப் பெருக்கல் ஒன்றே பெரும்பாலும் போதும்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் தெளிவு வேண்டும். 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீத மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை நிலை. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்று மேலே போகப் போக இந்த விகிதம் கூடும். இது சிக்கனத்துக்கான சான்று. வோல்ட்டேஜ் எகிறினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ தானாக அணைந்துகொள்ளுமா என்பதை இந்த முத்திரை சொல்லாது. அதற்குப் பாதுகாப்பு அம்சங்களின் பட்டியலையும் வாரண்டியையும் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்குக் குறைவான வாரண்டி தரும் எஸ்எம்பிஎஸ்ஸை இந்த பட்ஜெட்டில் வாங்காதீர்கள்.

வாட் எத்தனை வேண்டும் என்பதிலும் பயமுறுத்தல் அதிகம். ரைசன் 5 7600 பிராசசர் முழு வேகத்தில் எடுப்பது சுமார் 90 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு 145 வாட். மதர்போர்டு, ராம், ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50 என்று வைத்தாலும் 300 வாட்டைத் தாண்டவில்லை. தரமான 550 அல்லது 650 வாட் போதும். பின்னால் பெரிய கார்டு போடவும் இடம் இருக்கும். பெயர் தெரியாத 850 வாட்டைவிட இது எவ்வளவோ மேல்.

எஸ்எம்பிஎஸ் பற்றிப் பேசிவிட்டு யூபிஎஸ்ஸை விட முடியாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட். கரண்ட் போனதும் ஃபைலைச் சேமித்து அணைக்க அது போதும். கேம் விளையாடிக்கொண்டே இருக்கப் போதாது. மானிட்டரையும் அதில் மாட்டுங்கள், லேசர் பிரிண்டரை மட்டும் மாட்டாதீர்கள். அப்புறம் எர்த்திங். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டால் சுரீரென்கிறது என்று பலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் ஒரு சிறிய கசிவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்புகின்றன. சுவர் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லையென்றால் அந்தக் கசிவு கேபினெட்டின் உலோகத்திலேயே தங்கி, தொடுகிறவர் கைக்கு வருகிறது. கணினி வந்து சேர்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கைச் சோதித்துவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றையும்விடக் குறைவு. பலன் உயிரோடு சம்பந்தப்பட்டது.

மதர்போர்டு: சாக்கெட்டின் ஆயுள்

மதர்போர்டு வாங்குவது ஒரு சாக்கெட்டை வாங்குவதுதான். அந்தக் குழியில் எதிர்காலத்தில் எந்தெந்தப் பிராசசர் உட்காரும் என்பதே பெரிய கேள்வி. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல பாடம். 2017-ல் முதல் ரைசன் வந்தபோது வாங்கிய போர்டுகள் பலவற்றில், அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை மாட்ட முடிந்தது. போர்டும் ராமும் அப்படியே இருக்க, கணினி மட்டும் புதிதாயிற்று. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையாவது தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700, 2021 முதல் 2023 வரை மூன்று தலைமுறைப் பிராசசர்களுக்கு இடம் கொடுத்தது. 2024-ல் அடுத்த சாக்கெட் வந்துவிட்டது.

புதிதாக எல்லாவற்றையும் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை, பி650 அல்லது பி850 சிப்செட் உள்ள ஏஎம்5 போர்டு. ராமுக்கு நான்கு ஸ்லாட், எம்.2 எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம், பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் அலுமினிய ஹீட்சிங்க். இவை இருந்தால் போதும். எக்ஸ் வரிசைப் போர்டுக்குக் கூடுதல் பணம் தர வேண்டிய தேவை ஆறு கோர் பிராசசருக்கு இல்லை. ஏஎம்5-ல் மெல்லிய ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. ஊசி வளைந்திருந்தால் வாரண்டி கிடைப்பது கடினம். அதனால் கடையில் பெட்டியைப் பிரித்ததும் மூடியைத் திறந்து சாய்வாக ஒளியில் பாருங்கள்.

இன்றைய ராம் விலையில் இன்னொரு வழியும் நியாயமானதாகிவிட்டது. வீட்டிலுள்ள பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்டெல் ஐ5 12400-ஐ டிடிஆர்4 ஏற்கும் போர்டோடு, அல்லது ரைசன் 5 5600-ஐ ஏஎம்4 போர்டோடு வாங்கி அந்த ராமையே போட்டுக்கொள்ளலாம். சாக்கெட்டுக்கு எதிர்காலம் இல்லை என்பது உண்மை. ஆனால் மிச்சமாகும் பணத்தில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வரும். அவை இரண்டும் அடுத்த கணினிக்கும் கூடவே வரும்.

பிராசசரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் இருந்தால் அலுவலக வேலை, புரோகிராமிங், படத்தொகுப்பு, கேம் எல்லாவற்றுக்கும் ஆகும். ரைசன் 5 7600-இன் பெட்டியிலேயே கூலர் வருகிறது, மானிட்டரை ஓட்டுமளவுக்கு உள்ளேயே சிறிய கிராஃபிக்ஸும் உண்டு. இன்டெல்லில் 12400எஃப் போல மாடல் எண்ணின் முடிவில் 'எஃப்' இருந்தால் அந்தக் கிராஃபிக்ஸ் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு மாட்டும்வரை திரையில் ஒன்றும் வராது. சில நூறு ரூபாய் குறைவென்று எஃப் வாங்கியவர், கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போகும் நாளில் கணினியே இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும். தினமும் வீடியோ எடிட் செய்கிறவருக்கு எஃப் இல்லாத இன்டெல் ஒரு நல்ல தேர்வு. அதிலுள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி பல எடிட்டிங் மென்பொருள்களில் வேலையை வேகமாக்கும். செகண்ட் ஹேண்டாக இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய மாடல்களை வாங்குவதானால் எச்சரிக்கை தேவை. அவற்றில் மிகை வோல்ட்டேஜால் நிலைகுலைவு ஏற்பட்டதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024-ல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதை மீட்காது.

ராம் 32 ஜிபி இருந்தால் நிம்மதி. முடியாவிட்டால் 16-ல் தொடங்குங்கள். ஒரே குச்சியாக வாங்குவதைவிட ஜோடியாக வாங்குவதே பொதுவாக நல்லது. இரண்டு சேனலிலும் தகவல் ஓடும். பிராசசரின் உள் கிராஃபிக்ஸை நம்பி ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர், விலை இறங்கும்வரை 16 ஜிபி ஒற்றைக் குச்சியோடு தாக்குப்பிடித்துப் பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். ஏஎம்5-க்கு 6000 வேக டிடிஆர்5 பொருத்தமானது. ஆனால் மாட்டியவுடன் அது தன் முழு வேகத்தில் ஓடாது. பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை ஒருநாளும் பயன்படுத்தாமலே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை விழுங்குவது. கேம், முப்பரிமாண வேலை, வீடியோ, மெஷின் லேர்னிங் எதுவுமே இல்லாத வீட்டுக்கு அது தேவையே இல்லை. அந்தப் பணத்தை நல்ல மானிட்டரில் போடுங்கள். தேவைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கார்டின் சொந்த நினைவகத்தை. 8 ஜிபி இன்றைக்கே பல கேம்களில் உயர் அமைப்பில் திணறுகிறது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வடிவில் ஒரே பெயரில் விற்கின்றன. பில்லில் எது என்று எழுதச் சொல்லுங்கள். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, ஆனால் பயாஸில் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் அது சோர்ந்துபோகும். பிளெண்டர், மெஷின் லேர்னிங் கற்கும் மாணவர் என்றால் நான் என்விடியாவைச் சொல்வேன், ஏனென்றால் அந்தத் துறை மென்பொருள்கள் பெரும்பாலும் அதன் குடா அமைப்பை நம்பி எழுதப்பட்டவை.

எஸ்எஸ்டிக்கு 1 டிபி, என்விஎம்இ, ஜென் 4. இவை போதும். ஜென் 5-க்குக் கூடுதல் பணம் இந்த பட்ஜெட்டில் வீண். அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. கியூஎல்சி வகையைத் தவிர்த்து டிஎல்சி கேளுங்கள், பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது வேகம் சட்டென்று விழாது.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் வேண்டாம், வலையாக இருக்கட்டும். எந்தச் சாதாரணக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் குளிர்விக்க முடியாது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும் ஊரில், காற்று உள்ளே போக வழியில்லாத பெட்டி எவ்வளவு வண்ண விளக்குகளோடு இருந்தாலும் பயனில்லை. முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியேற்ற வேண்டும், தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும்.

எல்லாம் முடிந்து பணம் கொடுக்கும்போது, "பில் இல்லாம வாங்கினா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று ஒரு பேச்சு வரலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வாரண்டி, தனித்தனி சர்வீஸ் சென்டர். எல்லாவற்றுக்கும் அந்த ஜிஎஸ்டி பில்தான் ஆதாரம். பகுதியின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், அந்த எண் பெட்டியிலும் பொருளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே மாட்டச் சொல்லியிருந்தால், இயக்கி பயாஸ் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பிராசசரின் பெயர், ராமின் அளவும் வேகமும், எஸ்எஸ்டியின் மாடல் எல்லாம் அந்த ஒரே திரையில் தெரியும். அதைப் பில்லோடு வரிவரியாகச் சரிபார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.