தலைவர் படம் இருந்த இடம்

எங்கள் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் தலைவர் படம் வரும். அவர் நகர்ந்தால் செயலாளர், அடுத்து பொருளாளர். பொருளாளர் நான்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சிவில் இன்ஜினியர்களின் சங்கம் இது. தளத்தைப் பார்ப்பவருக்கோ பொன்னாடை போர்த்துவதுதான் எங்கள் தொழில் என்று தோன்றும்.

புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது, கலரை மாற்றினால் போதும் என்றிருந்தேன். தளம் அமைக்க வந்த பையன் விடவில்லை. "சார், அஞ்சு மெம்பர்கிட்ட போனைக் கொடுத்து அவங்களுக்கு வேண்டியதைத் தேடச் சொல்லுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றான். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000-இலேயே எழுதியிருக்கிறாராம்.

முதல் ஆள் செந்துறைப் பக்கம் அஸ்திவாரக் குழி ஓரத்தில் நின்றிருந்தார். எங்கள் ஊர்க் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். ஈரம் ஏறி இறங்காத ஆழம் வரை துளை போட்டு, அடியில் குடம்போல் அகலப்படுத்தி கான்கிரீட் நிரப்பும் 'அண்டர் ரீம்டு பைல்' அதற்கு ஒரு வழி. அதன் வரைபடமும் குறிப்பும் தளத்தில் இருந்தன. அவர் 'கரிசல்' என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. டி.டி.பி. சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்த குறிப்பு அது. நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் கிறுக்கல். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது, நாங்கள்தான் மாறவில்லை. இருநூறு சுற்றறிக்கைகளைத் திரும்ப அடித்தோம். செலவில் பாதி அதற்கே போனது. வீண் என்று நான் நினைக்கவில்லை.

உறுப்பினர் பட்டியல் தனிக்கதை. ஜெயங்கொண்டத்து மூத்த உறுப்பினர் ஒருவர் திருச்சி மாவட்டத்தில் இருந்தவர். 1995-இல் பெரம்பலூர், 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர். வீடு அதே தெருவில்தான், மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் பதிவேட்டில் அவர் மூன்று ஆளாக இருந்தார். சந்தா நினைவூட்டலும் மூன்று போகும். இப்போது தாலுகாவை வைத்துப் பிரித்துவிட்டோம்.

ஐந்து பேரும் தேடிய இன்னொன்று, 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதோடு முதல் தளமோ கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. விண்ணப்பிப்பது அரசுத் தளத்தில்தான். ஆனால் எது அடங்கும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று எல்லாரும் எனக்குத்தான் போன் போடுவார்கள். அதை முகப்பில் உச்சியில் வைத்தோம். நிர்வாகிகள் படமெல்லாம் உள்பக்கத்துக்குப் போயின.

தலைவர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் குன்னம் பக்கத்து சைட்டிலிருந்து அழைத்தார்.

"ஏம்ப்பா, சுயசான்றுக்கு எத்தனை சதுர அடி வரைக்கும்?"

"நம்ம தளத்துலயே இருக்கு அண்ணே."

"எந்த இடத்துல?"

"உங்க படம் இருந்த இடத்துல."