தகடும் வரைபடமும்

பேருந்தின் மேற்கூடு, வீட்டிலுள்ள இரும்புப் பெட்டி, மின்பொத்தான்கள் பொருந்திய பேழை, குளிர்பதனப் பெட்டியின் புறக்கூடு ஆகிய இவை வடிவால் வேறுபட்டவை. எனினும் பிறப்பால் ஓரினத்தவை. தட்டையான உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, இணைத்து இவை ஆக்கப்படுகின்றன. எஃகு, அலுமினியம், செம்பு, பித்தளை முதலியவற்றை உருளைகளுக்கிடையே செலுத்தி அழுத்துவதால் தகடு உண்டாகிறது.

இத்தகைய பொருள்களை ஆக்குவதில் இருதிறத்தார் ஈடுபடுகின்றனர். ஒருவர் வடிவை எண்ணித் தாளில் வரைபவர். மற்றவர் அப்படத்தைப் பார்த்துப் பட்டறையில் தகட்டை வளைப்பவர். தாளில் இழுத்த கோட்டுக்குத் தடிப்பு இல்லை; தகட்டுக்கோ தடிப்பு உண்டு. இவ்வேற்றுமையை மறந்து வரைந்த படம், காண்பதற்கு அழகியதாயினும் பட்டறையிற் பயன்படாது.

தகடு வளையும்போது அதன் புறப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் பகுதி ஒன்றுண்டு. அதனை நடுநிலைப் பகுதி என்பர். வளைவிற்கு வேண்டிய தகட்டின் நீளத்தை அப்பகுதியைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

‘ட’ என்னும் எழுத்தின் வடிவில் ஒரு தாங்கி செய்வதாகக் கொள்க. தகட்டின் தடிப்பு 2 மில்லிமீட்டர்; வளைவின் உள் ஆரம் 2 மில்லிமீட்டர்; வெளிப்புறத்தே அளக்கும்போது ஒரு பக்கம் 50, மற்றொரு பக்கம் 30 மில்லிமீட்டர். தடிப்பும் ஆரமும் சேர்ந்த 4 மில்லிமீட்டரை ஒவ்வொரு பக்கத்திலும் கழித்தால், நேராக நிற்கும் பகுதிகள் 46, 26 என ஆகும். நடுநிலைப் பகுதி உட்பக்கத்திலிருந்து தடிப்பில் பத்தில் நான்கு பங்கு தள்ளியிருப்பதாகக் கொண்டால், அதன் ஆரம் 2.8 மில்லிமீட்டர், கால்வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர். ஆகவே வெட்ட வேண்டிய தகட்டின் நீளம் 76.4 மில்லிமீட்டர். ஐம்பதையும் முப்பதையும் வாளா கூட்டி 80 என்று எழுதிவிட்டால், 3.6 மில்லிமீட்டர் மிகையாகும். அம்மிகையால் துளைகள் இடம் மாறும், திருகுகள் பொருந்தா.

உலோகத்திற்கு மீளும் இயல்பும் உண்டு. 90 பாகைக்கு வளைத்துக் கையை எடுத்தால், தகடு சிறிது விரிந்துகொள்ளும். ஆதலின், வேண்டிய அளவிற்குச் சற்று மிகுதியாகவே வளைப்பர். மென்மையான எஃகைவிடத் துருவுறா எஃகு மிகுதியாக மீளும்.

மூங்கிலை நெடுக்கே பிளப்பது எளிது. குறுக்கே முறிப்பது அரிது. உருளையில் ஓடிவந்த தகட்டிற்கும் அத்தகைய ஓட்டம் ஒன்று உண்டு. வளைவுக் கோடு அவ்வோட்டத்திற்குக் குறுக்காக அமைந்தால் தகடு தாங்கும். இணையாக அமைந்தால் புறப்பக்கம் வெடித்தலும் கூடும். வளைவின் உள் ஆரம் மிகச் சிறிதாயினும் இக்கேடு நேரும். பொதுவாக அவ்வாரம் தகட்டின் தடிப்பிற்குக் குறையாதிருத்தல் நன்று.

வளைவை ஒட்டித் துளையிட்டால், வட்டமான துளை வளைக்கும்போது இழுபட்டுச் சிதையும். தடிப்பைப்போல் இரண்டரை மடங்கோடு ஆரத்தையும் கூட்டிய அளவேனும் இடைவெளி விடுதல் பட்டறை வழக்கு. மேற்கூறிய தாங்கிக்கு அது 7 மில்லிமீட்டர் ஆகும். தகட்டின் ஒரு பகுதி மட்டும் வளைந்து, அடுத்த பகுதி தட்டையாகவே நிற்குமாயின், அவை பிரியுமிடத்தில் சிறு வெட்டு ஒன்று இடுதல் வேண்டும். இன்றேல் அவ்விடம் கிழியும்.

வளைவு வடிவத்தை மட்டுமன்றி வலிமையையும் தருகிறது. ஒரு தாளை இரண்டு நூல்களின்மேற் பாலம்போல் வைத்தால், அது ஓர் எழுதுகோலையும் தாங்காது தொய்யும். அதனையே விசிறி மடிப்பாக மடித்து வைத்தால் தாங்கும். இலண்டன் கப்பல் துறையிற் பொறியாளராயிருந்த ஹென்றி ராபின்சன் பாமர் என்பார், அலையலையாக மடித்த இரும்புத் தகட்டிற்கு 1829-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கூரைகளில் இன்றும் காணப்படும் நெளிதகடு அவ்வழி வந்ததே. தடித்த தகட்டைத் தேடாமல், மெல்லிய தகட்டை ஏற்ற இடத்தில் மடித்தால் உலோகமும் பொருளும் மிச்சப்படும்.

வெட்டிய தகட்டின் ஓரத்திற் பிசிறு நிற்கும். அது கத்தியினும் கொடிது. பிசிறை அராவி நீக்குக என்றோ, ஓரத்தை உள்ளே மடித்துவிடுக என்றோ படத்திற் குறிக்காது விட்டால், பெட்டியைத் திறக்கும் குழந்தையின் விரல் அறுபடும்.

ஒரு படத்தைக் கொண்டு ஆயிரம் பொருள்கள் செய்யப்படுகின்றன. ஆதலின், படத்திற் பிழை ஒன்றாயின் தகட்டிற் பிழை ஆயிரமாகும். வெட்டிய தகடு மீண்டும் ஒன்றாகாது. வரையக் கற்போர் முதலிற் பட்டறைக்குச் சென்று, தகடு வளைவதைக் கண்ணாற் கண்டு, அதனை வளைப்போரிடம் கேட்டறிதல் வேண்டும். கைத்தொழிலாளரின் பட்டறிவும் வரைவோரின் கணக்கும் ஒன்றுபட்ட இடத்திலேதான் பொருள் செவ்விதின் அமையும்.