எம்டனுக்கு ஒரு குட்டிப் படகு

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுத் தெற்கே இறங்கியது. பிறகு மினிக்காய்த் தீவுப் பக்கம் கப்பல்களை மறித்தது. மெக்கானிக்கல் டிராயிங் சொல்லித்தரும் எனக்கு ஒரு கிறுக்கு: நம்ம சுசீந்திரத்துக்குத் தெற்கே இருக்கிற கடலுக்கு, எம்டனை அடிக்க அன்று டார்பிடோ படகு ஒன்று வரைந்திருந்தால்?

நீளம் 40 மீட்டர், அகலம் 4. வேகம் வேண்டுமென்றால் முருங்கைக்காய் உடம்புதான். தகடு சில மில்லிமீட்டர். கவசம் என்ற பேச்சே கிடையாது. நடுவயிறு முழுக்கக் கொதிகலன், என்ஜின், நிலக்கரி. மேல்தளத்தில் திருப்பக்கூடிய டார்பிடோ குழாய். இருட்டில் சில நூறு மீட்டர் வரை நெருங்கி, ஏவிவிட்டு ஓடணும். புகைபோக்கியில் தீப்பொறி பறந்தால் கதை முடிந்தது.

பம்பாய்க் காவலுக்கு 1880களின் கடைசியில் இப்படி ஏழு படகுகள் கட்டினார்கள். பலூச், பதான், ராஜ்புத் என்றெல்லாம் பெயர். அங்கே ஒதுங்க நல்ல துறைமுகம் உண்டு. இங்கே குளச்சலும் திறந்த கரைதான். ஆடிக் காற்றில் இந்த ஒல்லிப் படகை எங்கே கொண்டு கட்டுவது?