கார் தரையில் துரு ஓட்டை: தகரம் வைத்து அடைத்தால் போதுமா?

மேட்டைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது. கடலோர ஊரில் பல வருடம் ஓடிய காருக்கு இது வரக்கூடிய நோய்தான். பட்டறைக்குப் போனால், ‘சின்ன ஓட்டைதான் சார், ஒரு தகரம் வச்சு அடிச்சிடலாம்’ என்ற பதிலும் சுலபமாகக் கிடைக்கும். அந்த வேலை சரியாக நடந்தால் கார் இன்னும் பல வருடம் ஓடும். அவசரமாக நடந்தால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

புதுச்சேரியில் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சந்தித்தால் துரு. அதில் உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுவதால் கார்களின் அடிப்பாகம் அரித்துப்போகிறது. புதுச்சேரியில் அந்த வேலையைக் கடற்காற்றே செய்துவிடுகிறது. டூமாஸ் வீதி போல கடலை ஒட்டிய தெருக்களில் இரவு முழுக்க நிற்கும் வண்டிகள் மீது உப்பு படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அதாவது, துருப்பிடிக்க மழையே பெய்ய வேண்டியதில்லை.

மழை வந்தால் பிரச்சினை இன்னும் பெரிது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. நகரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இப்படி மூழ்கும் கார்களில் இன்ஜினையும் எலெக்ட்ரிக்கல் வேலையையும் எல்லோரும் உடனே பார்த்துவிடுவார்கள். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோமை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. அது ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தகட்டை நனைத்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளமே வராத காரிலும் ஓட்டை விழுமா?

விழும். ஏசி தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்துக்கொண்டால், தண்ணீர் முன் சீட்டுப் பக்கம் காருக்குள்ளேயே இறங்கும். கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும், முன் கண்ணாடி ஓரத்தில் கசிவு இருந்தாலும் இதே கதைதான். கார் தரைத் தகடு பெரும்பாலும் 1 மி.மீ. அளவுதான், அல்லது அதைவிட மெல்லியது. மேலிருந்து ஈரம், கீழிருந்து உப்பு என்று இரண்டு பக்கமும் தின்றால் அது எத்தனை நாள் தாங்கும்?

இது வெறும் ஓட்டைதானா, ஆபத்தா?

ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். சீட் போல்ட்டுகள் தரையில்தான் நிற்கின்றன. பிரேக் பைப், பெட்ரோல் பைப் எல்லாம் அடியில்தான் ஓடுகின்றன. கால் வைக்கும் சமதளத்தில் சின்ன ஓட்டை என்றால் டிங்கர் வேலையிலேயே முடிந்துவிடும். சீட் கால், சீட் பெல்ட் போல்ட், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவை அரித்திருந்தால் விபத்தில் காரின் தாங்கும் சக்தியே குறையும். தவிர, ஓட்டை வழியாகச் சைலன்சர் புகை உள்ளே வரலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

சரியான ரிப்பேர் எப்படி இருக்கும்?

* சீட், கார்பெட், ஃபோம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெல்டிங் தீப்பொறி பட்டால் இவைதான் முதலில் பற்றும். பேட்டரி ஒயரையும் கழற்ற வேண்டும். அடியில் பெட்ரோல் பைப் எங்கே போகிறது என்று பார்க்காமல் வெல்டிங் தொடங்கக் கூடாது.
* ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டையைச் சுற்றிக் குத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிட அரித்த பரப்பு பெரிதாகவே இருக்கும்.
* நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். இதுதான் முழு வேலையின் உயிர்.
* அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி, பட்டறையில் சிஓ2 வெல்டிங் என்று சொல்லும் மிக் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே பக்கமாக இழுக்காமல் அங்கங்கே புள்ளி வைத்து வந்தால்தான் சூட்டில் தகடு நெளியாது.
* வெல்டிங் சூட்டில் இரண்டு பக்கமும் பெயின்ட் எரிந்திருக்கும். அதனால் மேலும் கீழும் பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், அடியில் அண்டர்பாடி கோட்டிங் மூன்றும் தேவை.

எதற்கு ‘வேண்டாம்’ சொல்ல வேண்டும்?

துரு மேலேயே தகரம் வைத்து ரிவெட் அடிப்பது, எபாக்சி பசையோ ஃபைபரோ பூசி மேலே கறுப்பு கோட்டிங் அடிப்பது. பார்க்கப் புதுசாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, துரு மறைவாக வளரும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ மேல் துருவுக்கு நல்லது. ஆனால் அரித்துப்போன தகட்டுக்கு அது பலத்தைத் திருப்பித் தராது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

நாள்பட்ட துரு தேய்மானக் கணக்கில் வருவதால் பொதுவாக கிளெய்ம் கிடைக்காது. வெள்ளச் சேதம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வரும். எனவே, கார் மூழ்கினால் கார்பெட் கழற்றிக் காயவைக்கும் வேலையையும் சர்வேயர் எழுதும் பட்டியலில் சேர்க்கச் சொல்வது புத்திசாலித்தனம். இன்னொன்று, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால்தான் 5 ஆண்டு நீட்டிப்பு.

பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பி.ஒய். பதிவெண் கார் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று சென்னையிலிருந்து தேடி வருபவர்கள் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான்கு மேட்டையும் தூக்கி, கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ முடை நாற்றமோ இருந்தால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். பழைய காரில் கறுப்பு கோட்டிங் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால், எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள், மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தை ஒருமுறை வாட்டர் வாஷ் செய்து, ஏசி டியூபைச் சுத்தம் செய்தாலே, வெல்டிங் செலவு பெரும்பாலும் மிச்சம்.